நான்குவழிச் சாலையில் அடிபட்டாலும் உயிர் தப்புவது எப்படி

2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்து, 17,884 சாவு. சாவு எண்ணிக்கையில் முதலிடம் உத்தரப் பிரதேசத்துக்கு: 41,746 விபத்து, 22,595 சாவு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் 'விபத்தின் கடுமை' என்று ஒரு கணக்குப் போடுகிறது. நூறு விபத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்பதுதான் அது. நாட்டுக்கு 36.5, தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 28, உத்தரப் பிரதேசத்துக்கு 54. சின்ன உரசலைக்கூட ஸ்டேஷனில் எழுதிவைக்கும் மாநிலத்தில் இந்த எண் தானாகவே இறங்கும் என்பதால் 28-ஐப் பார்த்து நாம் ரொம்பவும் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. விபத்து நடக்குமா என்பது ஒரு கேள்வி. நடந்தால் எவ்வளவு அடிபடும் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலில் பாதி எதிரே வருபவன் கையில் இருக்கிறது. இரண்டாவதற்கான பதிலில் பெரும்பங்கு உங்கள் கையில்தான். மோதும் நொடியில் என்ன வேகம், எதில் மோதுகிறோம், வண்டிக்குள் நம்மை எது பிடித்து வைத்திருக்கிறது, பிறகு எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை கிடைக்கிறது என்ற நான்கும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. காரில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர்களை மனத்தில் வைத்து இந்த நான்கையும் பார்ப்போம். இருசக்கர வண்டிக்காரர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. 2022-இல் இறந்தவர்களில் 44.5 சதவீதம் அவர்கள்தான்.

வேகம்: 80-க்கும் 100-க்கும் நடுவில் இருப்பது

வேகம் இரட்டிப்பானால் மோதல் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் ஸ்டியரிங் பிடிக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை. மாடிக் கணக்காக மாற்றிக்கொண்டால் மறக்காது. மணிக்கு 50 கிலோமீட்டரில் சுவரில் மோதுவதும் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, தரையில் விழுவதும் ஒன்று. 80 என்றால் 25 மீட்டர், எட்டு மாடி. 100 என்றால் 39 மீட்டர், பன்னிரண்டு மாடி. 80-லிருந்து 100-க்குப் போகும்போது ஸ்பீடாமீட்டர் முள் கொஞ்சம்தான் நகர்கிறது, ஆற்றலோ 56 சதவீதம் கூடுகிறது.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன, ஒன்று 80-இல், மற்றது 100-இல். எதிரே ஒரு மாடு குறுக்கே வருகிறது. இரண்டு ஓட்டுநருக்கும் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்றும், காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர் என்றும் வைத்துக்கொள்வோம். 80-இல் வந்த கார் கால் வைப்பதற்குள் 33 மீட்டர், பிரேக் பிடித்து 35 மீட்டர், மொத்தம் 68, 69 மீட்டரில் நின்றுவிடும். 100-இல் வந்த கார் கால் வைப்பதற்குள்ளேயே 42 மீட்டர் தாண்டியிருக்கும். முதல் கார் நின்ற இடத்தை அது கடக்கும்போது இன்னும் 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 20 கிலோமீட்டர் வித்தியாசம் மோதும் இடத்தில் 70 ஆகிவிடுகிறது. மழைச்சாலையில் இன்னும் மோசம்.

"என் கார் ஃபைவ் ஸ்டார்" என்பவர்களுக்கும் ஒரு தகவல். காரின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் காரை முன்பக்கமாக மோதவிடும் வேகம் 64 கிலோமீட்டர். அந்த நட்சத்திரங்கள் அந்த வேகத்துக்கானவை. 100-இல் மோதினால் ஆற்றல் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. கார் வாங்கும்போது நட்சத்திரம் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். ஓட்டும்போது அதை மறந்துவிடுங்கள்.

எனவே பகலில், நல்ல சாலையில், காரில் 80 முதல் 90 வரை வைத்துக்கொள்வது உயிருக்கும் டீசலுக்கும் நல்லது. சென்னையிலிருந்து திருச்சிக்கு 100-க்குப் பதில் 85-இல் போனால் கூடும் நேரம் சுமார் 35 நிமிடம். வழியில் ஒரு காபிக்கு நின்றால் அதுவே இருபது நிமிடம் ஆகிறது.

ஊர்களைக் கடக்கும் இடம் தனி. நம்முடைய நான்குவழிச் சாலைகள் ஊருக்குள் புகுந்து வருகிறவை. ஒரு பக்கம் பஸ் ஸ்டாப், மறுபக்கம் பள்ளிக்கூடம், நடுவே மீடியனில் மக்கள் உடைத்து வைத்த ஒரு சந்து. நடந்து போகிறவர் மீது 30 கிலோமீட்டரில் கார் மோதினால் பெரும்பாலும் எலும்பு முறிவோடு பிழைத்துக்கொள்வார். 50-ஐத் தாண்டினால் பிழைப்பது சந்தேகம். பேரிகார்டு வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், சாலையோரம் நான்கு கடை தெரிந்தவுடன் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து பிரேக் மேல் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றரை நொடியில் பாதி அங்கேயே மிச்சமாகும்.

எதில் மோதுகிறோம்

ஒரே எடையுள்ள இரண்டு கார்கள் 80-இல் வந்து நேருக்கு நேர் மோதினால் '160-இல் மோதியதற்குச் சமம்' என்று சொல்வார்கள். தவறு. ஒவ்வொரு காருக்கும் அது 80-இல் அசையாத சுவரில் மோதியதற்குச் சமம். ஆனால் எதிரே வருவது லாரி என்றால் கதையே வேறு. 1.2 டன் கார் 80-இல், 30 டன் லாரி 60-இல். மோதிய கணத்தில் காரின் வேகம் மாறுவது சுமார் 135 கிலோமீட்டர். லாரியின் வேகம் மாறுவது ஐந்தே சொச்சம். கார் பின்னோக்கி அடித்துச் செல்லப்படுகிறது. லாரி டிரைவருக்கு ஒரு குலுக்கல்தான். எடைக் கணக்கில் கார்க்காரருக்குச் சாதகமான லாரி மோதல் என்று ஒன்று கிடையாது.

அதனால்தான் நடுவில் தடுப்பு இல்லாத இருவழிப் புறவழிச்சாலைகள் கொடியவை. கோவையில் நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸும், சேலம் – உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலையின் நடுநடுவே நீண்ட காலம் இருவழியாகவே கிடந்த புறவழிகளும் இந்த வகை. அகலச் சாலையில் 90-இல் வந்த காலும் கண்ணும் குறுகிய சாலைக்கு உடனே பழகாது. இப்படிப்பட்ட துண்டில் நுழைந்ததும் 70-க்கு இறங்குங்கள், முந்துவதை விட்டுவிடுங்கள், பகலிலும் ஹெட்லைட் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரு லாரிக்குப் பின்னால் போவதில் கெடுவது ஐந்தாறு நிமிடம்.

நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்பக்கம் இன்னொரு எமன். 2022-இல் நாட்டில் நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், 21.4 சதவீதம், பின்னால் போய் மோதியவை. காரின் முன்பக்கத்தில் நசுங்குவதற்கென்றே வடிவமைத்த இரும்புப் பகுதி பம்பர் உயரத்தில் இருக்கிறது. லாரியின் தளமோ அதற்கு மேலே, கண்ணாடி உயரத்தில் இருக்கிறது. கார் அடியில் புகுந்துவிட்டால் நசுங்க வேண்டிய பகுதி எதிலும் படாமல் போகும்; முதலில் படுவது முன்கண்ணாடியும் கூரைத் தூணும்தான். ஏர்பேக் விரிந்தும் பயனில்லை, சில சமயம் நேரத்தில் விரிவதும் இல்லை. இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் தாழ்வாக ஒரு குறுக்குக் கம்பி கட்டாயம். சாலையில் பார்த்தால் தெரியும்: பலவற்றில் அது வளைந்து மேலே மடங்கியிருக்கும், சிலவற்றில் பெயின்ட் அடித்த தகடு மட்டும் தொங்கும்.

இதற்கு ஓட்டுநர் செய்யக்கூடியது மூன்று. இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். லாரிகள் நிற்பது டீக்கடை, டோல்கேட், தாபா, பஞ்சர் கடைக்கு முன்னாலும் பின்னாலும் அந்த ஓரத்தில்தான். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் மூன்று நொடி இடைவெளி வையுங்கள். அது ஒரு கம்பத்தைத் தாண்டும்போது 'நூற்றிஒன்று, நூற்றிரண்டு, நூற்றிமூன்று' என்று எண்ணி முடித்த பிறகே நீங்கள் அந்தக் கம்பத்தைத் தொட வேண்டும். 80-இல் அது 67 மீட்டர். மூன்றாவது, இரவு வேகம். அதைத் தனியாகச் சொல்கிறோம்.

நின்ற பொருள்களில் மரம், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், விளம்பரத் தூண் ஆகியவை மிக மோசம். ஏனென்றால் மோதல் முழுவதும் ஓர் அடி அகலத்தில் குவிகிறது. ஓரத்து இரும்புத் தடுப்பு நல்லது, அது வளைந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் முனை மண்ணில் புதையாமலோ வெளிப்பக்கம் வளையாமலோ துருத்திக்கொண்டிருந்தால் காரைக் குத்தி ஊடுருவிவிடும். உங்கள் ஊர்ப் பக்கத்தில் அப்படி ஒரு முனை நின்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-இல் கிலோமீட்டர் எண்ணோடு புகார் சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய் எல்லோருக்கும் தெரிந்த இடம். பாரம் ஏற்றிய லாரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பி, இல்லை டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில், இறங்கினால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். பிறகு முன்னால் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். அங்கே பாரலாரிக்கு முன்னால் இருக்கும் கார்தான் ஆபத்தில் இருக்கிறது. இறக்கத்தில் நிறுத்தாதீர்கள், லாரிக்கு முன்னால் ஊராதீர்கள். பின்னாடிக் கண்ணாடியில் பாரலாரி நெருங்கி வருவது தெரிந்தால் வழி விட்டு அதை முன்னே போகவிடுங்கள். உங்கள் காரையும் மூன்றாவது கியரில் இறக்குங்கள்.

புறப்படும் முன் அரை மணி நேரம்

50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரின் முகப்பு சுமார் அரை மீட்டர் நசுங்குகிறது. பெல்ட் போட்டவரை அந்த அரை மீட்டரோடு சேர்த்து கார் நிறுத்துகிறது. அப்போது உடம்பின் மீது விழும் விசை எடையைப்போல் இருபது மடங்கு. பெல்ட் போடாதவர் அதே 50-இல் முன்னே பறந்து, டாஷ்போர்டிலோ முன்சீட்டிலோ சில அங்குலத்தில் நிற்கிறார். இந்த இருபது மடங்கை வைத்துக்கொண்டு காரைச் சுற்றிப் பாருங்கள். மடியில் இருக்கும் 12 கிலோ குழந்தை 240 கிலோ. எந்த அம்மாவின் கையும் அதைப் பிடிக்காது. டிக்கியில் கிடக்கும் 25 கிலோ அரிசி மூட்டை அரை டன்.

பின்சீட்டு பெல்ட்டைத்தான் நம் வீடுகளில் யாரும் மதிப்பதில்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் இறந்தார். பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள், முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. விலை உயர்ந்த கார்தான் அது. இன்னொன்று: பின்னால் பெல்ட் போடாமல் இருப்பவர் தன்னை மட்டும் கொல்வதில்லை, முன்சீட்டில் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரின் முதுகிலும் போய் இடிக்கிறார்.

சீட் கவர் போட்டபோது பின்சீட்டு பெல்ட் கொக்கி கவருக்கு அடியில் போய்விட்டிருக்கும். முதல் வேலையாக அதைத் தோண்டி வெளியே எடுங்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரக்கூடாது, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். வயிற்றில் கிடந்தால் குடலையும் மண்ணீரலையும் கிழிக்கும். கர்ப்பிணிகளுக்குப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டி வர வேண்டும். மேல்பட்டை தோளின் நடுவில், கழுத்தை உரசாமல் இருக்கட்டும். முன்சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுத்து வருபவர் மோதலில் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போவார். தூக்கம் வந்தால் பின்னால் போகச் சொல்லுங்கள். பெல்ட் அலாரம் சத்தம் போடாமல் இருக்கச் செருகும் போலிக் கொக்கி ஒன்று விற்றுக்கொண்டிருந்தார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதன் இணைய விற்பனையை நிறுத்தச் சொன்னது. காரில் இருந்தால் குப்பையில் போடுங்கள்.

ஹெட்ரெஸ்ட் சாய்ந்து தூங்குவதற்கானது அல்ல. பின்னாலிருந்து இடிபடும்போது கழுத்து ஒடியாமல் காப்பது அதுதான். அதன் மேல்விளிம்பு தலை உச்சிக்கு நேராக வரும்வரை தூக்கி வையுங்கள். ஓட்டுபவரின் நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது. அதற்கு மிக அருகில் இருப்பவரை அதுவே காயப்படுத்தும். டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், முன்சீட்டுக்காரர் தூக்கி வைத்த கால் எல்லாம் அதே கணக்கில் வரும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதை மூடும் கவர் போடாதீர்கள். முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கம்பி 2017-லிருந்தே சட்டவிரோதம். மோதலைக் காரின் சென்சார் உணர்வதைக் குழப்புவதோடு நடந்து போகிறவரின் தொடையையும் உடைக்கும்.

குழந்தைக்கு வயதுக்கேற்ற சைல்டு சீட்டு, அதுவும் பின்சீட்டில். பின்னோக்கிப் பார்க்கும் சீட்டை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைப்பது உயிருக்கே ஆபத்து. காரில் ஐசோபிக்ஸ் கொக்கி, அதாவது சைல்டு சீட்டை நேரடியாகப் பூட்டும் கொக்கி, இருந்தால் அதில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் இரண்டு விரற்கடைக்கு மேல் அசையக்கூடாது.

கனமான சாமானை டிக்கியின் தரையில், பின்சீட்டின் முதுகோடு ஒட்டி வையுங்கள். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேல்தட்டில் தண்ணீர் பாட்டில், குடை, பித்தளைக் குடம் எதுவும் வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஆறு வயதான டயரோடு நெடுஞ்சாலைக்கு வராதீர்கள், மேல்பரப்பு தேயாமல் இருந்தாலும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே கழற்ற வேண்டியது. பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று பொருள். காற்று குறைவாக இருந்தால்தான் டயர் அதிகம் வெடிக்கும், கூடுதலாக இருப்பதால் அல்ல. குறைந்த காற்றில் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி நார் பிரிந்துவிடும். மே மாத வெயிலென்று காற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுப்பாரத்துக்கு என்று தனி அளவு இருக்கும். ஐந்து பேரும் சாமானுமாகப் போகும்போது அந்த அளவை, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பிடியுங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

இரவு

டிப் செய்த ஹெட்லைட் ஐம்பது மீட்டருக்கு மேல் தெளிவாகக் காட்டாது. 60-இல் போகும் கார் நிற்க 45 மீட்டர் வேண்டும், 80-இல் போகும் காருக்கு 69 மீட்டர். ஆகவே எதிர்வண்டி இருப்பதால் லோ பீமில் போகும்போது 60-க்கு மேல் ஓட்டுபவர், இருட்டில் நிற்கும் லாரியைப் பார்த்த பிறகும் அதில் மோதத்தான் செய்வார். சாலை காலியாக இருந்தால் ஹை பீம், எதிரே யாராவது வந்தால் டிப், அதோடு வேகமும் குறைய வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அதிகாலை இரண்டு முதல் ஐந்து மணி வரை நடக்கும் மோதல்கள் ஏன் அத்தனை கொடூரமாக இருக்கின்றன? தூங்கியவர் பிரேக் பிடிப்பதில்லை. முழு வேகமும் அப்படியே மோதலில் இறங்குகிறது. நேர்ச்சாலையும் துணை போகிறது. நாட்டின் விபத்துகளில் 67 சதவீதம் நேரான சாலையில்தான். கொட்டாவி, கடைசி நான்கைந்து கிலோமீட்டர் நினைவில்லாமை, வெள்ளைக்கோட்டு அதிர்வில் டயர் உறுமுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் பாட்டும் ஜன்னல் காற்றும் உதவாது. விளக்குள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய அந்த இருபது நிமிடம் ஆகும்.

இருசக்கர வண்டியில்

நசுங்க முகப்பு இல்லை, பிடித்துக்கொள்ள பெல்ட் இல்லை. ஹெல்மெட் ஒன்றுதான். நல்ல ஹெல்மெட் தலைக்காயத்தை ஏறக்குறைய 70 சதவீதமும் சாவை 40 சதவீதமும் குறைக்கிறது. 2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், உள்ளே கட்டியான தெர்மகோலும் இருக்க வேண்டும். தாடைப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்ச்சி கூடாது. கட்டாத ஹெல்மெட் முதல் இடியிலேயே கழன்று ஓடும், தலை தரையில் படுவது அதற்குப் பிறகுதான். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் இதே கணக்குதான். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் செருகியிருக்கட்டும்.

மீடியன் திறப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக ராங் சைடில் வருவது ஊர்ப்பக்கத்தில் அன்றாடம். 40-இல் வரும் பைக்கும் 80-இல் வரும் காரும் நொடிக்கு 33 மீட்டர் நெருங்குகின்றன. கார்க்காரர் பார்த்துக் கால் வைக்கும் ஒன்றரை நொடியில் ஐம்பது மீட்டர் போய்விடும். சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு கிலோமீட்டரைச் சுற்றத்தான் வேண்டும்.

மோதப்போகிறது என்று தெரிந்துவிட்டால்

பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள், மோதி முடியும்வரை விடாதீர்கள். இனி என்ன பயன் என்று தோன்றும். 80-இல் வரும் கார் ஒரே ஒரு நொடி முழு பிரேக்கில் 55-க்கு வந்துவிடும். ஆற்றல் பாதிக்கும் கீழே. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடிக்கும், பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அது வேலை செய்யும் சத்தம். மிதித்தபடியே ஸ்டியரிங்கையும் திருப்பலாம், அதற்காகத்தான் ஏபிஎஸ்.

திருப்ப வேண்டுமானால் எதில் மோதுவது என்பதில் ஒரு வரிசை உண்டு. எதிரே வரும் வண்டியைவிட அதே திசையில் போகும் வண்டி மேல். மரத்தைவிட புதர் மேல், தூணைவிட இரும்புத் தடுப்பை உரசிக்கொண்டு போவது மேல். நாய்க்காகவும் ஆட்டுக்காகவும் 80-இல் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். கார் உருண்டால் உள்ளே இருக்கும் ஐந்து பேருக்கும் ஆபத்து. நேராகப் பிரேக் பிடியுங்கள்.

டயர் வெடித்தால் மட்டும் எதிர்மாறு: பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராக இறுக்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாக இறங்கிய பிறகு ஓரம் கட்டுங்கள்.

மோதிய பிறகு

இரண்டாவது மோதல்தான் அடுத்த ஆபத்து. ஹசார்டு லைட்டைப் போட்டு, இன்ஜினை அணைத்து, நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். காருக்குப் பின்னால் நின்று சேதத்தைப் போட்டோ எடுக்காதீர்கள். சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நூறு மீட்டர், அதாவது சுமார் நூற்றிமுப்பது தப்படி, தள்ளி வையுங்கள். பத்தடி தள்ளி வைத்த முக்கோணம் காரோடு சேர்ந்துதான் நசுங்கும். வேப்பங்கிளையை ஒடித்துப் போடலாம். கல் வேண்டாம், வண்டியை எடுத்த பிறகு அந்தக் கல் அங்கேயே கிடந்து இரவில் ஒரு பைக்கை விழவைக்கும்.

108-க்குக் கூப்பிடும்போது ஊர்ப்பெயர் மட்டும் போதாது. ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். மீடியன் இருக்கும் சாலையில் பக்கம் மாறி வந்த ஆம்புலன்ஸ் திரும்பிவரப் பத்து நிமிடம் ஆகலாம். சுங்கச்சாலையில் 1033-க்கும் சொல்லுங்கள், அவர்களிடம் ஆம்புலன்ஸும் கிரேனும் உண்டு.

அடிபட்டவரைத் தீயோ தண்ணீரோ இல்லாதவரை காரிலிருந்து இழுக்காதீர்கள். ரத்தம் பீறிட்டால் துண்டை மடித்து வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்துங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை எடுத்து எடுத்துப் பார்க்காமல். மயக்கத்தில் இருப்பவரின் மூச்சு கரகரத்தால் கழுத்தைத் திருப்பாமல் தாடையை மட்டும் முன்னே தூக்கிப் பிடியுங்கள். சோடா, தண்ணீர், டீ எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் போகும், அறுவை சிகிச்சையும் தாமதமாகும். மூச்சு நன்றாக வருமானால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மூச்சு தடைபட்டால் ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் மெல்ல உருவ வேண்டும். ஆட்டோவில் மடக்கி ஏற்றிப் போவதால் முதுகுத்தண்டு போனவர்கள் உண்டு.

உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவரைக் காக்கிறது; பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணம் கட்டாமல் சேர்க்க மாட்டார்களே என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும், எந்த ஊர்க்காரரானாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

சிராய்ப்போடு எல்லோரும் எழுந்து வந்துவிட்டாலும் வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, தூக்கக் கலக்கம் வந்தால் அன்றே ஸ்கேன் எடுங்கள். உள்ரத்தக் கசிவு மறுநாள்தான் தெரியும். காரை ஒர்க் ஷாப்பில் விடும்போது பம்பரையும் பெயின்ட்டையும் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். மோதலில் இழுபட்ட பெல்ட்டின் நூல் நீண்டிருக்கும், அதை இறுக்கும் கருவி ஒருமுறைதான் வேலை செய்யும். பெல்ட், விரிந்த ஏர்பேக், குழந்தை சீட்டு மூன்றையும் புதிதாக மாற்றச் சொல்லி, பில்லில் பாகத்தின் எண்ணோடு எழுதி வாங்குங்கள். தலை இடித்த ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கும், உள்ளே தெர்மகோல் அமுங்கியிருக்கும். அதை யாருக்கும் கொடுத்துவிடாமல், பட்டையை அறுத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.